பள்ளிக்கு வெளியே நிற்கும் புதுச்சேரி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவர்களே, குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் போக வழியில்லாமல் நிற்கும் மிஸ்களே, பி.எட். முடித்து அரசு அறிவிப்புக்காகக் காத்திருக்கும் தம்பி தங்கைகளே, கொரோனாவில் சம்பளம் நின்றபோது ஜவுளிக்கடைக்கும் கணக்கு எழுதும் வேலைக்கும் போய் இன்னும் அங்கேயே இருப்பவர்களே, உங்கள் எல்லோருக்கும்தான் இதை எழுதுகிறேன். நானும் இந்த ஊரில் கணக்கு நடத்தியவள். உங்களில் பலரோடு ஒரே ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தியவள். அதனால் சுற்றி வளைக்காமல் பேச எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

நமக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு தொகைக்குக் கையெழுத்துப் போட்டு, அதைவிடக் குறைந்த தொகையைக் கையில் வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்! மே மாதம் சம்பளம் கிடையாது என்பதை விதியாகவே ஏற்றுக்கொண்டோம். அசல் சான்றிதழ்களை நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டு, வேறு பள்ளிக்குப் போக நினைத்தபோது அதைத் திரும்ப வாங்க நடையாய் நடந்தோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அதே நிர்வாகங்கள் இரவோடு இரவாக நம்மை ஆன்லைன் வகுப்புக்கு மாற்றின. போன் நம்முடையது, நெட் நம்முடையது, குரல் நம்முடையது. சம்பளத்தில் மட்டும் பாதி வந்தது. பல பள்ளிகளில் அதுவும் வரவில்லை.

ஆனால் அந்த நாட்களில் நாம் ஒன்றைக் கற்றுக்கொண்டோம். புத்தகங்களை அடுக்கி அதன்மேல் போனை நிறுத்தி, சமையலறைச் சுவரில் சார்ட் ஒட்டி, நாற்பது பிள்ளைகளுக்கு முக்கோணவியல் சொல்லிக் கொடுத்தோம். யாரும் நமக்குப் பயிற்சி தரவில்லை. அப்படிக் கற்ற அந்தத் தொழிலைப் பள்ளி திறந்ததும் மூட்டை கட்டி வைத்துவிட்டோம். அதை வெளியே எடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ஏன் இப்போது என்று நீங்கள் கேட்கலாம். நம் அரசுப் பள்ளிகளைப் பாருங்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிள்ளைகள் காலங்காலமாகத் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் படித்து வந்தார்கள். 2023-24, 2024-25 என்று இரண்டே கல்வியாண்டுகளில் அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகளும் முழுக்க சி.பி.எஸ்.இ.க்கு மாறின. 2025-ல் முதல் அணி பொதுத்தேர்வு எழுதியது. பாடத்திட்டம் மாறியது நல்லதா கெட்டதா என்ற வழக்கை இங்கே நான் எடுக்கவில்லை. அதுவரை தமிழில் யோசித்த ஒரு பெண் பிள்ளையின் கையில் திடீரென்று என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் வந்திருக்கிறது. அந்தப் புத்தகங்கள் ஆங்கிலம், இந்தி, உருது மொழிகளில் வருபவை. அவள் வீட்டு மொழியில் இல்லை. வினாத்தாளிலோ பாதி மதிப்பெண் திறன் சார்ந்த கேள்விகளுக்குப் போய்விட்டது. ஒரு பத்தியைக் கொடுத்து அதிலிருந்து நான்கு கேள்வி. ஒரு கூற்று, ஒரு காரணம், இரண்டும் சரியா என்று ஒரு கேள்வி. ஒன்மார்க்கை மனப்பாடம் செய்து தேறிய முறை இங்கே எடுபடாது. 'அசர்ஷன் என்றால் இதுதான் கண்ணு' என்று தமிழில் ஒருமுறை விளங்கச் சொல்ல ஆள் வேண்டும்.

அந்த ஆள் நீங்கள்தான். அவள் இன்று யூடியூபில் இந்தியிலும் வேகமான ஆங்கிலத்திலும் பாடம் தேடிக்கொண்டிருக்கிறாள். அந்த ஆசிரியர்கள் திறமையானவர்கள்தான். ஆனால் லட்சம் பேருக்குப் பாடம் நடத்துபவரால் 'வில்லியனூர் பிள்ளை ஏன் இன்றைக்கு வகுப்புக்கு வரவில்லை' என்று கேட்க முடியாது. அவள் நோட்டில் மைனஸ் குறி எந்த வரியில் தொலைந்தது என்று அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

பெரிய நிறுவனங்களைப் பார்த்து மலைக்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் மாஹேயிலிருந்து அதிகத் தூரமில்லாத கண்ணூர் மாவட்டம் அழீக்கோட்டைச் சேர்ந்தவர் பைஜு ரவீந்திரன். அவரும் ஓர் ஆசிரியராகத்தான் தொடங்கினார். 2022-ல் அவருடைய நிறுவனத்தின் மதிப்பு 2,200 கோடி டாலர் என்றார்கள். 2024 ஜூலையில் அது திவால் நடவடிக்கைக்குள் போனது. நடுவில் வேலை இழந்தவர்களில் நம்மைப் போன்ற ஆசிரியர்களும் உண்டு. கடன் வாங்கி வளர்ந்து, விளம்பரத்தில் கொட்டி, வீடு வீடாக ஆள் அனுப்பி விற்ற கல்வி அது. கான் அகாதமியைத் தொடங்கிய சல்மான் கானின் கதை வேறு மாதிரி. 2004-ல் பாஸ்டனில் இருந்தபடி, நியூ ஆர்லியன்ஸில் இருந்த தன் உறவுக்காரச் சிறுமி நாதியாவுக்குத் தொலைபேசியில் கணக்கு சொல்லிக் கொடுத்தார். மற்ற உறவுக் குழந்தைகளும் கேட்டதால் 2006-ல் யூடியூபில் பதிவேற்றத் தொடங்கினார். அந்த வீடியோக்களில் அவர் முகமே வராது. கருப்புப் பின்னணியில் எழுத்தும் குரலும் மட்டும் வரும். கான் அகாதமி அப்படித்தான் பிறந்தது. ஒரு பிள்ளையிலிருந்து தொடங்கிய அந்த முறையைத்தான் உங்களிடம் நான் கேட்கிறேன்.

முதலீட்டைப் பற்றிப் பேசுவோம். நம்மில் பலரைத் தடுப்பது அந்தப் பயம்தான். உங்கள் பெயரில் ஆப் செய்து தருகிறோம் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்கள் வருவார்கள். கிளை உரிமம் தருகிறோம் என்பவர்களும், ஆன்லைன் ஆசிரியர் ஆவது எப்படி என்று சான்றிதழ் விற்பவர்களும் வருவார்கள். ஒருவருக்கும் பணம் கொடுக்காதீர்கள். உங்களுக்குத் தேவை ஏற்கெனவே கையில் இருக்கும் ஸ்மார்ட்போன். போனைக் கீழ்நோக்கிப் பிடிக்க ஒரு ஸ்டாண்டு வாங்குங்கள். நோட்டில் எழுதும் கை தெரிந்தால் போதும், முகம் தெரிய வேண்டியதில்லை. சட்டையில் குத்தும் ஒயர் மைக் ஒன்று வாங்குங்கள். படம் கொஞ்சம் மங்கினால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள், குரல் கரகரத்தால் ஐந்து நிமிடத்தில் போய்விடுவார்கள். ஒரு சின்ன வெள்ளைப் பலகை, இரண்டு மார்க்கர். மூவாயிரம் ரூபாய்க்குள் எல்லாம் அடங்கும்.

கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடம் இலவசம். ஜூமில் 40 நிமிடம். நாற்பது நிமிடம் என்பது நமக்குப் பழகிய ஒரு பீரியட்தான். அதற்குமேல் திரையைப் பார்க்கப் பிள்ளையின் கண்ணும் தாங்காது. பதிவுசெய்து கொடுக்க விரும்பினால் ஓ.பி.எஸ். ஸ்டூடியோ இருக்கிறது. நாளைக்குப் பிள்ளைகள் பெருகி ஒழுங்கான வகுப்புத் தளம் வேண்டுமென்றால் மூடுல் இருக்கிறது. இரண்டுமே காசு கேட்காத கட்டற்ற மென்பொருள்கள். அவற்றை அமைக்கத் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் நம் ஊரில் நிறைய உண்டு. உங்களிடம் படித்தவர்களாகவே இருப்பார்கள், கேளுங்கள்.

நேரத்தை மட்டும் யோசித்து வையுங்கள். பாகூர் பக்கத்திலும் அரியாங்குப்பம் பக்கத்திலும் பல வீடுகளில் நல்ல போன் ஒன்றுதான். அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அவர் திரும்பி வந்த பிறகு, இரவு ஏழரை மணிக்கு வகுப்பு வைத்தால்தான் அந்தப் பிள்ளை வர முடியும். இருட்டிய பிறகு டியூஷனுக்கு அனுப்ப மாட்டோம் என்ற வீட்டுப் பெண் பிள்ளைக்கும் அதுதான் வசதி. நெட் சரியில்லாத வீட்டுக்கு வகுப்பு முடிந்ததும் பலகையின் படத்தையும் ஐந்து நிமிடக் குரல் பதிவையும் அனுப்புங்கள். வாட்ஸ்அப் குழுவில் பெற்றோர் எண்ணை மட்டும் சேருங்கள். பெண் பிள்ளைகளின் எண் எல்லோர் கையிலும் போய்விடக் கூடாது. பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையின் முகத்தையும் பதிவு செய்யாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருமுறை நேரில் கூடுங்கள், யார் வீட்டுத் திண்ணையிலாவது. நோட்டை வாங்கித் திருத்துங்கள். தில்லியிலிருந்து பாடம் நடத்தும் எந்த நிறுவனத்தாலும் செய்ய முடியாத காரியம் அது.

கட்டணம் கேட்க நமக்குக் கூச்சம். அதை விட்டுவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். பாரதிதாசன் இந்த மண்ணில் 37 ஆண்டுகள் தமிழாசிரியராகச் சம்பளம் வாங்கித்தான் பாடம் நடத்தினார், 1946-ல் ஓய்வு பெறும்வரை. அதனால் அவருடைய மதிப்பு குறைந்துவிடவில்லை. ஒரு பாடத்துக்கு மாதம் 400 ரூபாய் என்று வையுங்கள். பேட்ச் ஒன்றுக்குப் பத்துப் பேர். அதில் இருவர் இலவசம். எட்டுப் பேரிடமிருந்து 3,200 வரும். மூன்று பேட்ச் நடத்தினால் 9,600. தனியார் பள்ளியில் காலை எட்டரை முதல் மாலை ஐந்து வரை நின்று, பஸ் டியூட்டியும் பார்த்து வாங்கிய சம்பளத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மாதா மாதம் மட்டும் வாங்குங்கள். ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கி, பிடிக்கவில்லை என்று விலகிய பிள்ளைக்குத் திருப்பித் தராமல் இழுத்தடித்த நிறுவனங்களால்தான் பெற்றோருக்கு ஆன்லைன் என்ற பேச்சே கசந்திருக்கிறது. அந்தக் கசப்பை நாம் கூட்டக் கூடாது.

யூடியூப் வருமானத்தை நம்பி இறங்காதீர்கள். வழக்கமான நீள வீடியோக்களுக்கு 1,000 சந்தாதாரரும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்த பிறகுதான் விளம்பரப் பங்கே வரும். பத்தாம் வகுப்பு அறிவியலைத் தமிழில் சொல்லும் சேனலுக்கு அது மெதுவாகத்தான் வரும். பாடம் எப்படி இருக்கும் என்று பெற்றோர் பார்த்துத் தெரிந்துகொள்ள நான்கைந்து வீடியோ போட்டு வையுங்கள், போதும்.

எல்லோரும் பத்தாம் வகுப்புக் கணக்குக்கே போக வேண்டியதும் இல்லை. 2026 முதல் சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக்கு இரண்டு பொதுத்தேர்வுகள். பிப்ரவரியில் தொடங்குவது கட்டாயம். மே மாதத்தில் நடப்பது, அதிகபட்சம் மூன்று பாடங்களில் மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள விரும்புபவர்களுக்கு. இரண்டுக்கும் நடுவில் தவிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பாடத்துக்கென்று குறுகிய ரிவிஷன் வகுப்பு வைக்கலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவ இடங்களில் 10 சதவீதம் ஒதுக்கீடு வந்தபிறகு, உயிரியலை அடிப்படையிலிருந்து சொல்லித் தருபவர்களைத் தேடும் வீடுகள் கூடியிருக்கின்றன. காரைக்கால் 130 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது, ஆனால் அதே பாடத்திட்டம், அதே தமிழ். இங்கிருந்து அங்கே பாடம் நடத்த இனி பஸ் ஏற வேண்டாம்.

இந்த ஊருக்கே உரிய ஒரு வாய்ப்பையும் நாம் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறோம். நம் தெருக்களில் சொல்தா வீடு இல்லாத தெரு எது? பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாரிஸிலும் சுற்றுப்புறங்களிலும் வளர்கிறார்கள். விடுமுறைக்கு முத்தியால்பேட்டைக்கு வந்தால் ஆயாவிடம் நாலு வார்த்தை தமிழ் பேச முடியாமல் பெற்றோர் முகத்தைப் பார்க்கிறார்கள். ரீயூனியன் தீவில் இன்னொரு கூட்டம். 1848-ல் அங்கே அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கப்பலேறியவர்களின் வாரிசுகள் அவர்கள். கோயிலும் தீமிதியும் இருக்கின்றன, தமிழ் நாக்கைவிட்டுப் போய்விட்டது. இவர்களுக்கு ஆங்கிலம் வழியாகத் தமிழ் சொல்லித் தரும் ஆசிரியர் பயன்படமாட்டார். பிரெஞ்சு வழியாகச் சொல்லித்தர உலகத்தில் எத்தனை பேரால் முடியும்? புதுச்சேரி ஆசிரியர்களால் முடியும். பிரான்சில் ஆரம்பப் பள்ளிகளுக்குப் புதன்கிழமை பிற்பகலில் பெரும்பாலும் வகுப்பில்லை. அங்கே இரண்டு மணி என்றால் நமக்குக் கோடையில் மாலை ஐந்தரை, குளிர்காலத்தில் ஆறரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் கடிகாரம் மாறும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரீயூனியனுக்கும் நமக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம்தான். பாடப் பொருளுக்குத் தவிக்க வேண்டாம். வெளிநாட்டுத் தமிழருக்காகவே 2001-ல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், படிநிலைப் பாடங்களை வைத்திருக்கிறது. அவற்றைப் பார்த்து உங்கள் பாடத்தை நீங்களே வகுத்துக்கொள்ளலாம்.

பிரெஞ்சு கற்பிக்கத் தெரிந்தவர்களுக்கு வெளியூரிலும் மாணவர்கள் உண்டு. கனடா 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று குடியேற்ற அழைப்புகளைத் தனியாக வெளியிடுகிறது. சென்னையிலும் கோவையிலும் இருக்கும் பொறியாளர்கள் அதற்காக முட்டி மோதிப் படிக்கிறார்கள். 1889 முதல் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கும் ஊர் நம்முடையது. பிரெஞ்சுப் பள்ளியான லிசேயில் படித்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பேச்சுப் பயிற்சிக்கு ஒருவருக்கு ஒருவர் என்று அரைமணி நேர வகுப்பு வைத்தால் போதும். விசா வாங்கித் தருகிறேன் என்று மட்டும் வாய்தவறியும் சொல்லாதீர்கள். மொழிக்கு மட்டும் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொண்டு இறங்குவோம். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், பிரிவு 28, ஆசிரியர் எவரும் தனி டியூஷனில் ஈடுபடக் கூடாது என்கிறது. அந்த வரியில் அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற பாகுபாடு எழுதப்படவில்லை. அதனால்தான் பணியில் இருப்பவர்களை நான் அழைக்கவில்லை. வகுப்பறையில் சொல்லாததை மாலையில் விற்கும் நிலை வரக் கூடாது என்ற அந்தச் சட்டத்தின் கவலை நியாயமானது. 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட கோச்சிங் நெறிமுறை, ஐம்பது பேருக்கு மேல் சேர்க்கும் மையங்களைப் பற்றியது. பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களை அங்கே சேர்க்கக் கூடாது, ரேங்க் உறுதி என்று விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. நாம் சிறிதாகவே இருக்க இது இன்னொரு காரணம். சின்ன பேட்ச் நடத்தும் நமக்கும் அந்த விளம்பர ஒழுக்கம் வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. உத்யம் பதிவு இலவசம். அதற்குப் பணம் கேட்பவர் ஏமாற்றுகிறார் என்று பொருள். வகுப்புப் பணத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தைத் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம், பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஆனால் அதன் பக்கங்களை நோட்ஸ் என்று சொல்லி விற்க நமக்கு உரிமை இல்லை. நீங்கள் விற்பது உங்கள் கைப்பட உருவான வினாத்தாளாக இருக்கட்டும்.

இனி, நான் உங்களிடம் கேட்பது. தனித்தனியாகத் தொடங்கினால் ஒருவர் கட்டணத்தை இன்னொருவர் குறைத்து, கடைசியில் எல்லோரும் களைத்து விடுவோம். இது கூட்டுறவு தெரிந்த ஊர். கிராமத்து மாட்டுக்காரர்கள் சேர்ந்து ஊற்றும் பால் பாண்லே பூத் வழியாக நம் வீட்டுக்கு வருகிறது. நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸைத் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறது. படித்தவர்களான நம்மால் மட்டும் ஏன் சேர முடியவில்லை? சங்கமாகப் பதிவதை ஓராண்டு கழித்து யோசிக்கலாம். இப்போதைக்கு மூன்று பேர் சேருங்கள்: ஒருவர் கணக்கு, ஒருவர் அறிவியல், ஒருவர் ஆங்கிலமோ பிரெஞ்சோ. ஒருவர் காய்ச்சலில் படுத்தால் மற்றவர் வகுப்பு எடுக்க வேண்டும். ஒரே கட்டணம், ஒரே விதிகள், பத்துக்கு இரண்டு இலவச இடம். அந்த இரண்டு இடம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று உங்களுக்குள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஒன்பதுக்குப் பிறகு வகுப்பு வேண்டாம், பிள்ளைகளுக்கும் தூக்கம் வேண்டும், உங்களுக்கும்.

மூத்தவர்களே, உங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். முப்பது ஆண்டு பாடம் நடத்திய உங்களுக்கு எந்த இடத்தில் பிள்ளை தடுக்கி விழும் என்று மனப்பாடம். பி.எட். முடித்த இளையவர்களுக்குப் போனும் மென்பொருளும் அத்துப்படி. ஒவ்வொரு மூவர் அணியிலும் ஒரு மூத்தவர் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குப் பணம் தேவையில்லாமல் இருக்கலாம். அந்த இளையவருக்கு உங்கள் அனுபவம் தேவை, முதல் மாதம் பெற்றோர் நம்பி அனுப்ப உங்கள் பெயரும் தேவை.

இந்த மாதம் முடிவதற்குள் ஐந்து பிள்ளைகளோடு ஒரு பேட்ச் தொடங்குங்கள். லாசுப்பேட்டையோ நெல்லித்தோப்போ வில்லியனூரோ, உங்கள் தெருவிலேயே அந்த ஐந்து பேர் இருப்பார்கள். முதல் வாரம் கட்டணம் வாங்காதீர்கள். இரண்டாம் வாரத் தொடக்கத்தில் பெற்றோரிடம் தொகையை நேராகச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த, பள்ளிக்கு வெளியே நிற்கும் இரண்டு ஆசிரியர்களுக்கு இன்றைக்கே போன் செய்து, எந்தப் பாடம், வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மூவரும் உட்கார்ந்து அட்டவணை போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்களோடு பாடம் நடத்திய ஓர் ஆசிரியை
புதுச்சேரி